இரண்டு முனையும் தெரிய வேண்டும்

"காலி எண்டு சொல்லாதேங்கோ. காட்டுங்கோ."

அவர் என்னோடு பேசிய முதல் வாக்கியம் இதுதான். ஜனவரி மாதத்து இரண்டாம் செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்தே முக்கால். என் நாட்குறிப்பில் நேரத்தோடு இருக்கிறது. ஒரு காற்றுத் துவக்கை மேசையில் வைத்துவிட்டு நான்தான் "காலி" என்று சொல்லியிருந்தேன். உண்மையில் அது காலியாகத்தான் இருந்தது. அந்த உண்மை அவருக்குப் போதவில்லை.

கிழக்கு லண்டனின் ஓரத்தில், கவுன்சிலுக்குச் சொந்தமான ஒரு நீச்சல்குளக் கட்டடத்தின் கீழ்த்தளம் அது. மேலே பிள்ளைகள் தண்ணீரில் குதிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். கீழே, கொதிகலன் அறைக்குப் பக்கத்தில், பத்து மீற்றர் நீளத்தில் ஒரு சுடுகூடம். ஆறு பேர் வரிசையாக நின்று சுடலாம். பெரிய துவக்குகள் எதுவும் கிடையாது. மிளகு அளவான ஈயச் சன்னத்தைக் காற்றழுத்தத்தால் தள்ளுகிற துவக்குகள் மட்டும். செவ்வாய் மாலையும் சனிக்கிழமை காலையும் பொதுமக்களுக்கு. எங்கள் நூலகத்து அறிவித்தல் பலகையில் யோகா வகுப்புக்கும் தொலைந்துபோன பூனைக்கும் நடுவே அதைப் பற்றிய துண்டறிக்கை ஒட்டியிருந்தது. செவன் கிங்ஸில் இருந்து இரண்டு பஸ் ஏறிப் போனேன்.

என் மனைவிக்கு இது விளங்கவேயில்லை.

"துவக்குக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள். நீங்கள் இஞ்சை ரிக்கற் எடுத்துப்போய்ச் சுடப்போறியளோ?"

நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இருக்கவில்லை. வேலையில் இருந்து ஓய்வுபெற்று எட்டு மாதம். கண் சத்திரசிகிச்சை முடிந்து தூரத்துப் பொருள்கள் புதிதாகத் தெரிந்தன. எதையாவது குறிபார்க்க வேண்டும்போல் இருந்தது. அவ்வளவுதான்.

அந்தச் சுடுகூடத்தின் பொறுப்பாளர் அவர். யாழ்ப்பாணத்தவர். பெயரை எழுதப்போவதில்லை. கவுன்சில் கொடுத்த பெயர் அட்டையையே அவர் மறுபக்கம் திருப்பித்தான் குத்தியிருப்பார். கட்டையான மனிதர். கரும்பச்சைக் கவுன்சில் சட்டை. அதன் பைக்குள் ஒரு கட்டுச் செம்மஞ்சள் நூல். நூல் என்று அவர்தான் சொல்வார். அது புல்வெட்டும் இயந்திரத்தில் சுற்றுகிற நைலோன் கயிறு. கடையில் ஒரு சுருள் வாங்கி, துவக்குக் குழாயைவிட ஒரு முழம் கூடுதலாக வெட்டி வைத்திருந்தார். சுட்டு முடித்ததும் துவக்கின் பின்பக்கத்தைத் திறந்து நூலை உள்ளே செலுத்த வேண்டும். அது குழாயின் முழு நீளமும் ஓடி முன்வாயால் எட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே சன்னம் இருந்தால் நூல் முட்டி நின்றுவிடும்.

"ரெண்டு முனையும் தெரியவேணும்" என்பார். "ஒரு முனை தெரிஞ்சால் அது அலங்காரம்."

மற்ற இடங்களிலும் இப்படி ஒரு நூல் உண்டு என்று பிறகு வாசித்து அறிந்தேன். அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் வேறெங்கும் இல்லாதது. இலக்கு அட்டைகளை இழுத்துவரும் கம்பிகள் அங்கே பழுதாகிக் கிடந்தன. கவுன்சில் திருத்தவில்லை. ஆகவே அட்டை மாற்ற நாங்களே பத்து மீற்றர் நடந்து போகவேண்டும். நாங்கள் ஆறு பேரும் துவக்குகளை மேசையில் வைத்து, நூல் போட்டு, நிலத்தில் கீறியிருந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் போய் நிற்போம். அவர் ஒவ்வொரு துவக்காகக் குனிந்து பின்முனையைப் பார்ப்பார், எட்டி முன்முனையைப் பார்ப்பார். பிறகு தனியாக நடந்துபோய் எதிர்ச் சுவரை உள்ளங்கையால் தொடுவார். தொட்டுவிட்டு எங்கள் பக்கம் திரும்புவார். ஆறு குழாய்களும் அவருடைய நெஞ்சைப் பார்த்தபடி இருக்கும். ஒரு மூச்சு இழுத்து விடுகிற நேரம் அப்படியே நிற்பார். அதற்குப் பிறகுதான் "வாங்கோ" என்று கூப்பிடுவார்.

முதல் நாள் எனக்கு இது நாடகமாகத் தெரிந்தது. எனக்குப் பக்கத்தில் நின்றவர் ஜெயந்தன். பிளேஸ்டோவில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர், எதையும் பகிடியாக எடுப்பவர். அவர் என் காதுக்குள் சொன்னார்:

"பயப்பிடாதேங்கோ. எங்கடை ஐயா சுவர் கும்பிட்டு வாறார்."

இந்தப் பழக்கம் சுடுகூடத்தின் வாசலோடு நின்றிருந்தால் அவரைப் பற்றி எழுதத் தோன்றியிருக்காது. அவர் உலகத்தில் எதையும் காலி என்று ஒருவர் சொன்னதற்காக ஒப்புக்கொண்டதில்லை. பஸ்ஸில் மேல்தட்டில் இடமில்லை என்று யாராவது சொன்னால், தானே ஏறிப் பார்த்துவிட்டு இறங்குவார். நாங்கள் தேநீர் குடித்து முடித்த கோப்பைகளை எடுக்கும்போது ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் சரித்துப் பார்ப்பார். ஒருமுறை கிழக்கு லண்டனில் ஒரு கோவில் அன்னதானத்தில் நானும் அவரும் வரிசையின் கடைசியில் நின்றோம். எங்களுக்குப் பின்னால் வேலை முடிந்து நேரே வந்த ஏழெட்டுப் பேர். பரிமாறியவர் கையை விரித்தார்.

"முடிஞ்சுது அண்ணை. எல்லாம் காலி."

அவர் வரிசையை விட்டு விலகி, மேசையைச் சுற்றிப் போய், சமையற்கட்டுக்குள் நுழைந்தார். ஒவ்வொரு கிடாரமாக மூடியைத் தூக்கிப் பார்த்தார். நாலாவதில் கால்வாசி சாம்பார் கிடந்தது. அடுப்புக்குப் பின்னால் ஒரு அண்டாவில் சோறும் இருந்தது. இரண்டையும் தூக்கிவரச் சொல்லிவிட்டு மறுபடியும் வரிசையில் தன் இடத்தில் வந்து நின்றார். பரிமாறியவருக்கு முகம் கறுத்துப் போனது.

"பொய் சொன்னனான் எண்டு நினைக்கிறியளோ?"

"இல்லைத் தம்பி. நீர் பாக்கேல்லை. அவ்வளவுதான்."

அவருடைய அகராதியில் பொய்யும் பிழையும் இல்லை. பார்த்தது, பார்க்காதது என்ற இரண்டே இருந்தன. இது பலரை அவரிடமிருந்து தள்ளிவைத்தது. என்னையும் ஒருமுறை குத்தியது. தேநீர் நேரத்தில் நான் கொஞ்சம் பெருமையாகச் சொன்னேன்: இருபது வருடமாக ஒரு நாள்கூட விடாமல் நாட்குறிப்பு எழுதுகிறேன், ஒரு பக்கமும் காலி இல்லை என்று. அவர் பிஸ்கற்றைத் தேநீரில் தோய்த்தபடியே சொன்னார்:

"கொண்டுவந்து காட்டுங்கோ."

அடுத்த செவ்வாய் ஒரு வருடத்து நாட்குறிப்பைக் கொண்டுபோனேன். நின்றபடியே முழுவதையும் புரட்டினார். வாசிக்கவில்லை, பக்கம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். ஓரிடத்தில் விரலை வைத்தார். அந்தப் பக்கத்தில் 'மழை' என்று ஒரேயொரு சொல் இருந்தது.

"இது எழுதினதோ? எழுதாமல் விட்டதோ?"

அது என் தமையனோடு சண்டை பிடித்த நாள். அதை அவரிடம் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. புத்தகத்தை மூடித் தந்துவிட்டுச் சன்ன டப்பாக்களைத் திறந்து எண்ணப் போய்விட்டார்.

வந்த எல்லோருக்கும் மனதில் இருந்த கேள்வியை ஜெயந்தன்தான் வாய்விட்டுக் கேட்டார்.

"அண்ணை, மறைக்காமல் சொல்லுங்கோ. நீங்கள் எந்த இயக்கம்?"

"நான் துவக்குக்கு முன்னாலை நிண்ட ஆள். பின்னாலை நிண்டதில்லை."

அது உண்மைதான். நான் அங்கே போய்வந்த இரண்டரை வருடத்தில் அவர் ஒரு சன்னம்கூடச் சுட்டு நான் காணவில்லை. துவக்கைத் துடைப்பார், பூட்டுவார், கழற்றுவார். தோளில் வைத்ததில்லை.

துவக்குக்கு முன்னால் நின்ற கதையைத் துண்டு துண்டாக, எப்போதும் பகிடியாகத்தான் சொல்வார். லண்டனுக்கு வர முதல் அவர் சுவிஸில் இருந்தவர். அங்கே ஊருக்கு ஊர் சுடுகளம் உண்டு. அதை வைத்திருப்பது ஊராட்சியின் கடமை, தண்ணீரும் தெருவிளக்கும்போல. அகதியாகப் போய் இறங்கிய முதல் ஞாயிறு காலை அவர் வெடிச்சத்தம் கேட்டுக் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுத்திருக்கிறார். யன்னலால் எட்டிப் பார்த்தால், ஊர்ச்சனம் துவக்கை முதுகில் கொளுவிக்கொண்டு சைக்கிளில் போகிறது. பிறகு அதே சுடுகளத்தில் அவருக்கு ஞாயிறு வேலை கிடைத்தது. இலக்குப் பலகைகளுக்குக் கீழே ஆள் உயரப் பள்ளம். அதற்குள் இருந்துகொண்டு, ஒவ்வொரு சூடும் விழுந்த பிறகு பலகையை இறக்கி ஓட்டையைப் பார்த்து, நீண்ட தடியின் நுனியில் உள்ள தகட்டால் எங்கே பட்டது என்று மேலே காட்ட வேண்டும். சுடுகிறவர்கள் முந்நூறு மீற்றருக்கு அப்பால். நடுவில் ஒரு தொலைபேசிக் கம்பி.

"ஒருநாள் போன் அடிச்சுது. எல்லாம் காலி, ஏறி வரலாம் எண்டான். நான் தலையை எடுத்தன். விசுக்கெண்டு காதுக்குப் பக்கத்தாலை ஒண்டு போச்சு."

"ஐயோ! ஆர் சுட்டது?"

"பள்ளிக்கூட வாத்தியார். நல்ல மனிசன். பின்னேரம் கேக் ஒண்டு கொண்டுவந்து வைச்சிட்டு அழுதவர்."

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?"

"கேக்கைச் சாப்பிட்டன். நல்ல கேக். அடுத்த கிழமை திரும்பவும் வேலைக்குப் போனன். போனைமட்டும் நம்பிறேல்லை. பழைய தொலைநோக்கி ஒண்டு வாங்கினன். அங்காலை எல்லாரும் துவக்கைத் திறந்து தலைக்குமேலை தூக்கிக் காட்டினால்தான் ஏறி வருவன். ஊர்த் தலைவரும் தூக்கத்தான் வேணும்."

ஒரு அகதிக்காக ஒரு ஊரே துவக்கைத் தூக்கிப் பிடித்து நின்ற காட்சியை நினைத்து நாங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

இனிச் சொல்லப்போவதற்கு அந்தச் சுடுகூடத்தின் நிலைமையைச் சொல்ல வேண்டும். கவுன்சிலுக்கு அந்த இடம் தேவைப்பட்டது, நின்ற இடத்திலேயே ஓட்டும் சைக்கிள்கள் வைப்பதற்கு. கோடை தொடங்க ஒரு மதிப்பாய்வு நடக்கும், ஆட்கள் வருவது குறையாமலும் விபத்துப் புத்தகம் சுத்தமாகவும் இருந்தால் தொடர்ந்து நடத்தலாம் என்று கடிதம் வந்திருந்தது. விபத்துப் புத்தகம் என்பது கதவுக்குப் பக்கத்தில் தொங்கிய சிவப்பு மட்டைப் புத்தகம். அவர் பொறுப்பெடுத்த நாளில் இருந்து அதில் ஒரு வரிகூட இல்லை. அவருக்கு அப்போது அறுபத்து நாலு வயது. அந்தக் கட்டடத்தில் துப்புரவு வேலையில் சேர்ந்து, வேறு யாரும் விரும்பாத சுடுகூடப் பயிற்சியைத் தானாகக் கேட்டு முடித்து, அந்த இடத்துக்கு வந்தவர். அது போனால் அவருக்கு வேறு வேலை கிடைக்குமா என்பது எங்களுக்குத் தெரியாது.

வேலையைவிட இடத்தைத்தான் அவர் பெரிதாக நினைத்தார் என்று நம்புகிறேன். ஒருநாள் நான் கேட்டேன்: எத்தனையோ தனியார் கழகங்கள் இருக்கின்றன, கவுன்சில் எதற்கு இதை நடத்தவேண்டும் என்று.

"கழகத்துக்கு ஆராவது அறிமுகம் செய்யவேணும். இது நூலகம்மாதிரி, ஆரும் வரலாம்" என்றார். "சுடப் பழகிறது பெரிய வேலையில்லை. எங்கடை ஊரிலை பத்து நாளிலை பழகினாங்கள். காலியாக்கப் பழக்கிற இடம்தான் இருக்கேல்லை. அதுக்கு அரசாங்கம் ஒரு அறை தந்தால் என்ன குறைஞ்சுபோகும்?"

அந்த வசந்தத்தில் அவர் ஆட்களைத் தேடி அலைந்தார். கடைகளில் துண்டு ஒட்டினார். ஜெயந்தனின் கடைக் கதவில், பலாப்பழ விலைக்குக் கீழே, கையால் எழுதிய ஒரு துண்டு இருந்தது. அதைப் பார்த்து வந்தவர் வித்யா. சென்னைப் பெண், கணினி வேலை, இல்ஃபர்டில் இருப்பவர். மூன்றாவது வாரம் வந்தபோதுதான் நான் சொல்லப்போகும் அந்த மே மாதத்துச் செவ்வாய்க்கிழமை.

வெளியே மழை. நாங்கள் ஆறு பேர். வரவுப் பதிவேட்டை எழுதுவது என் பொறுப்பாகியிருந்தது. திகதியும் நேரமும் பிழைக்காது என்று அவரே எனக்குத் தந்த பொறுப்பு. முதற் சுற்றின் நடுவில் கட்டடத்தின் முகாமையாளர் இறங்கிவந்து கதவில் நின்று அவரைக் கூப்பிட்டார். மதிப்பாய்வுக்கு ஏதோ கையொப்பம் வேண்டுமாம். அவர் சுடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு, கதவடிக்குப் போகும்போது என்னைப் பார்த்தார்.

"ஒருக்கா நூல் பாருங்கோ. வாறன்."

நான் பதிவேட்டில் சுற்றை நிறுத்திய நேரத்தை எழுதிக்கொண்டிருந்தேன். ஆறு ஐந்தா, ஆறு ஆறா என்று மணிக்கூட்டைப் பார்த்தேன். எழுதினேன். தலையை நிமிர்த்தி மேசையைப் பார்த்தேன். ஆறு துவக்கு, ஆறு இடத்திலும் செம்மஞ்சள் நிறம் தெரிந்தது. முகாமையாளர் படியேறிப் போய்விட்டார். எங்கள் பொறுப்பாளர் திரும்பி வந்தார்.

"என்ன மாதிரி?"

"எல்லாம் காலி அண்ணை."

அவர் என்னைப் பார்த்தார். ஒரு கணம் மேசைப் பக்கம் ஒரு அடி வைத்தார். பிறகு, ஏனென்று இன்றுவரை எனக்குத் தெரியாது, அந்த அடியைத் திருப்பிக்கொண்டு நேரே சுவரை நோக்கி நடந்தார். என்னைக் காயப்படுத்தக்கூடாது என்று நினைத்திருக்கலாம். நாட்குறிப்புக்காரன் பிழைவிட மாட்டான் என்று நினைத்திருக்கலாம். சுவரைத் தொட்டார். திரும்பினார்.

வித்யாவின் துவக்கு மேசையில் கொஞ்சம் கோணலாகக் கிடந்தது. வித்யா மஞ்சள் கோட்டைத் தாண்டி ஒரு எட்டு வைத்து, அதை நேராக்கக் கையை வைத்தார். விரல் விசையில் பட்டுவிட்டது.

காற்றுத் துவக்கின் சத்தம் பெரிதல்ல, புத்தகத்தை மேசையில் போட்டதுபோல. ஆனால் அந்தச் செம்மஞ்சள் நூல் குழாயில் இருந்து பாம்புபோல் நெளிந்து பறந்துபோய் அவருடைய காலடியில் விழுந்ததை நாங்கள் எல்லோரும் கண்டோம். சன்னம் அவருடைய வலது காதுக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் பட்டது. கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்தது.

மேலே யாரோ குளத்தில் குதித்தார்கள்.

அவர் அசையவில்லை. அந்த ஒரு மூச்சை முழுதாக இழுத்து விட்டார். பிறகு குனிந்து நூலை எடுத்தார். வித்யா அழத் தொடங்கியிருந்தார்.

"சார், சாரி சார்... லோட் பண்ணிட்டேன், அப்பதான் நிறுத்தச் சொன்னீங்க. நூல் போடணும்னு தெரியும். பின்னாடி மூடியிருந்துச்சு, அதனால முன்னாடி வழியா விட்டேன். கோணலா இருந்துச்சேன்னு நேரா வைக்கப் போனேன் சார்..."

"அழாதேங்கோ தங்கச்சி. உங்களிலை பிழை இல்லை. மூண்டு கிழமை வந்த ஆள் நீங்கள். காலி எண்டு சொன்னது நாங்கள்."

பிறகு என் பக்கம் திரும்பினார். கோபமாக இருப்பார் என்று எதிர்பார்த்தேன். முகத்தில் கோபம் இல்லை. களைப்பு இருந்தது.

"நான்தான் அண்ணை" என்றேன். "முன்முனை மட்டும் தெரிஞ்சுது. நான் கிட்டப் போய்ப் பாக்கேல்லை."

"ஓம்" என்றார்.

அவர் போய்ச் சிவப்புப் புத்தகத்தைக் கொளுக்கியில் இருந்து எடுத்தார். ஜெயந்தன் முதலில் அதைப் பகிடி என்றுதான் நினைத்தார்.

"அண்ணை, என்ன செய்யிறியள்? ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை. இப்ப எழுதினியள் எண்டால் மேலை இருக்கிறவைக்கு வயித்திலை பால் வாத்தமாதிரி. சைக்கிளைக் கொண்டந்து இறக்கிப்போடுவாங்கள்."

"இறக்கட்டும்."

"உங்கடை வேலை?"

"இந்தப் புத்தகம் காலியாக் கிடக்குது ஜெயந்தன். இவ்வளவு நாளும் அது உண்மையிலை காலி. இண்டைக்கு நான் எழுதாமல் விட்டால், பிறகு ஆரும் இதைத் திறந்து பாத்து என்னத்தை நம்பிறது?"

நான் அவருடைய கையைப் பிடித்தேன். அதை இப்போதும் வெட்கத்தோடுதான் எழுதுகிறேன். அவர் எழுதக்கூடாது என்று விரும்பியதற்கு அவருடைய வேலை மட்டும் காரணமில்லை. எழுதினால் அதில் என் பெயரும் வரும். அதை மறைக்க, மறுதலையாகச் சொன்னேன்:

"சரி, எழுதிறதெண்டால் என்ரை பேரை எழுதுங்கோ."

"உங்கடை பேர் ஏன்? நீங்கள் சொன்னனீங்கள். நான் கேட்டனான். எனக்குச் சம்பளம் கேக்கிறதுக்கில்லை, பாக்கிறதுக்கு."

மேசையில் குனிந்து, ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், நிறுத்தி நிறுத்தி எழுதினார். என்ன நடந்தது என்பதற்கு மூன்று வரி. காரணம் என்ற பெட்டிக்குள் ஒரே வரி: நான் பார்க்கவில்லை. கீழே தன் பெயர். அந்தப் பெயரை அவர் எழுதி நான் பார்த்தது அன்றுதான். என் பெயரும் வித்யாவின் பெயரும் எங்கும் இல்லை.

வீட்டுக்கு வந்து நாட்குறிப்பை எடுத்தேன். 'மழை. ஆறு பேர்.' என்று எழுதினேன். பேனாவை மூடினேன்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. மிகவும் மரியாதையான கடிதம். பாதுகாப்பைக் கருத்தில்கொண்டு என்று தொடங்கியது. ஜூலை முடிவோடு சுடுகூடம் மூடப்படும்.

ஜெயந்தன் இரண்டு கிழமை அவரோடு கதைக்கவில்லை. மூன்றாம் கிழமை ஒரு பெட்டி மாம்பழத்தோடு வந்தார். "இது முழுப் பெட்டி. வேணுமெண்டால் திறந்து எண்ணிப் பாருங்கோ" என்றார். அவர் திறந்து எண்ணித்தான் பார்த்தார். ஒன்று அழுகியிருந்தது, அதை எடுத்து ஜெயந்தனின் கையில் கொடுத்தார். இருவரும் சிரித்தார்கள். வித்யா இனி வரமாட்டார் என்று நினைத்தோம். பொறுப்பாளரோ அந்தப் பெண்ணை ஒவ்வொரு சனிக்கிழமையும் வரச்சொல்லி, ஒரு சன்னமும் கொடுக்காமல், துவக்கைத் திறந்து நூல் போடுவதை மட்டும் இருபது இருபது தடவை செய்யவைத்தார். மூடப்போகிற இடத்தில் இதற்கு என்ன அவசியம் என்று நான் கேட்டேன்.

"அந்தப் பிள்ளை மூடப்போறேல்லையே" என்றார்.

கவுன்சில் அவரை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. மேலே நீச்சல்குளத்தில், உடைமாற்றும் அறைப் பொறுப்பு கொடுத்தது. பூட்டும் நேரம் ஒவ்வொரு லொக்கரையும் அவர் திறந்து உள்ளே கைவிட்டுப் பார்த்ததால் கட்டடம் தினமும் இருபது நிமிடம் பிந்தி மூடப்பட்டது என்று கேள்விப்பட்டேன். ஒரு வருடத்தில் நாற்பத்தேழு கண்ணாடிகளும் ஒரு பொய்ப்பல் வரிசையும் உரியவர்களிடம் போய்ச் சேர்ந்தன என்று ஜெயந்தன் சொல்வார். ஜெயந்தனின் எண்களை நான் சரிபார்த்ததில்லை. ஓய்வுபெற்ற பிறகு அவர் சுவிஸில் இருக்கும் தங்கையிடம் போய்விட்டார். பிறகு தொடர்பு இல்லை.

மூடிய நாளைச் சொல்லி முடிக்கிறேன். ஜூலை மாதத்துக் கடைசிச் செவ்வாய். துவக்குகள் வேறு மாவட்டத்துக் கழகம் ஒன்றுக்குப் போவதாக ஏற்பாடு. நானும் அவரும்தான் பெட்டியில் அடுக்கினோம். கவுன்சிலில் இருந்து ஒரு இளம்பெண் அட்டையும் பேனையுமாக வந்து, வாசலில் நின்றபடி, அறை காலிதானே என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவர், "வந்து பாருங்கள்" என்றார். அவள் சிரித்தாள். அவர் சிரிக்காததைக் கண்டு உள்ளே வந்தாள். மஞ்சள் கோட்டைத் தாண்டி, பத்து மீற்றரும் நடந்து, என்ன நினைத்தாளோ, எதிர்ச் சுவரைக் கையால் தொட்டுவிட்டுத் திரும்பினாள். கையொப்பம் வைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

ஐந்து துவக்குகளை அவரே பார்த்துப் பெட்டியில் வைத்திருந்தார். ஆறாவது மிஞ்சியது. வித்யா சுட்டது அதில்தான். அவர் சட்டைப் பையில் இருந்து கடைசி நூலை எடுத்தார். என்னிடம் நீட்டினார்.

"நீங்கள் போடுங்கோ."

நான் வாங்கினேன். அவர் மேசையைச் சுற்றி அந்தப் பக்கம் போனார். குழாயின் முன்வாய்க்கு நேரே, நெஞ்சு அதற்கு எதிராக இருக்க, நின்றார். விலகி நிற்கச் சொல்ல வாயெடுத்தேன். அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. துவக்கின் பின்பக்கத்தைத் திறந்தேன். நூலின் நுனி இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாம் தடவை உள்ளே போனது. காலி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு நூலைத் தள்ளினேன்.

முன்வாயில் செம்மஞ்சள் எட்டிப் பார்த்ததும் அவர் அதை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்தார். இந்தப் பக்கத்து முனையை நான் விடாமல் பிடித்திருந்தேன். நூல் எங்கள் இருவருக்கும் நடுவில், குழாயினூடாக, விறைத்து நின்றது.

"ஓம்" என்றார்.